டேஷ்போர்டில் இருந்த கற்கள்

சில வருஷத்துக்கு முன்னால், ஆவணி முதல் செவ்வாய், காலை. மலை ஏறிக்கொண்டிருந்த ஷேர் ஜீப் ஒரு வளைவில் நின்றது. டிரைவர் ராஜகண்ணு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்திருந்தார். சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. ஹேண்ட் பிரேக்கை மட்டும் மறக்காமல் போட்டிருந்தார்.

நெல்லிவாசல்நாடு பக்கம் துணை சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாக இருந்தேன். போன தையில்தான் ஓய்வு. வேலைக்குப் போக வர அவர் ஜீப்தான்; அன்றைக்கும் அதில்தான் இருந்தேன். அந்த வருஷம் பங்குனிக் கடைசியில் கீழே டவுனில் அவருக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். டாக்டர் கொடுத்த கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டு டேஷ்போர்டில் செருகி வைத்திருந்தார். ஏறுகிறவர்கள் எல்லாரும் அதை ஆட்டிப் பார்ப்பார்கள்.

"பாரம் கொறைஞ்சதுல வண்டி நல்லா ஏறுது மாமா" என்று டிராக்டர் ஓட்டும் கோவிந்தன் தினமும் கிண்டல் செய்வான்.

வைகாசியில் தையல் ஆறிவிட்டது. ஆனியில் வலி திரும்ப வந்தது. ரோட்டுக் குலுக்கல் என்றார். கேஸ் மாத்திரை போட்டார். சாப்பிட்டால் வலிக்கிறது என்று காலையில் வெறும் வயிற்றோடு வண்டி எடுக்க ஆரம்பித்தார்.

"எங்கங்க வலிக்குது?"

வலது விலாவுக்குக் கீழே கை வைத்தார். "முதுகு வரிக்கும் இழுக்குது நர்சம்மா."

முகத்தை வெயில் பக்கம் திருப்பச் சொன்னேன். கண் மஞ்சளாக இருந்தது. மூத்திரம் டீ டிகாக்‌ஷன் மாதிரி போகிறது என்றார். இரவு குளிர்க்காய்ச்சல் வேறு.

"காமாலதான். சந்தவாசல்ல ஒருத்தரு பச்சில குடுக்குறாரு. நாளைக்குப் போய்ட்டு வர்றேன்."

"பச்சிலைக்கு நேரமில்ல. இப்பவே கீழ போவணும். குழாய்ல கல்லு அடைச்சிருக்கலாம்."

"இன்னா சொல்றீங்க? எல்லாக் கல்லும் இதோ இருக்குதே!" பாட்டிலைத் தட்டிக் காட்டினார்.

"அது பையில இருந்த கல்லுங்க. ஈரல்லேருந்து குடலுக்கு ஒரு குழாய் போவுது, பையில இருந்த கல்லு ஒண்ணு அதுல எறங்கியிருக்கலாம். பைய எடுத்தாலும் அது உள்ளதான் இருக்கும்."

பாட்டிலிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மறுபடி கிழிப்பாங்களா? இன்னொருவாட்டி படுத்தா வண்டிய வித்துற வேண்டியதுதான் நர்சம்மா."

எனக்கு உறுதியாகத் தெரியாது. எங்கள் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "பெரும்பாலும் வாய் வழியா டியூப் விட்டே எடுத்துடலாம். ஆனா காய்ச்சலோட லேட் பண்ணா உயிருக்கே ஆபத்து" என்றார்.

பின்சீட்டிலிருந்து கோவிந்தன் கையை நீட்டினான். "சாவியக் குடு மாமா. உன் வண்டிய ஒரு கீறல் இல்லாம எறக்குறேன்."

மற்றவர்கள் மூட்டைகளோடு இறங்கி மேலே நடந்தார்கள். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் பித்தக் குழாயில் ஒரு கல் தெரிந்தது. காய்ச்சலுக்கு ஊசி போட்டுவிட்டு, மறுநாள் எண்டோஸ்கோபியில் எடுத்தார்கள். கத்தி படவில்லை. சனிக்கிழமை போன் செய்தார். "நர்சம்மா, ரெண்டு இட்லி துன்னேன். வலிக்கவே இல்ல!"

ஆபரேஷன் முடிந்தவர்கள் வலி என்று வந்தால், என்ன எடுத்தார்கள் என்று கேட்டதோடு நான் அதற்குப் பிறகு நிறுத்தியதில்லை. கண்ணையும் மூத்திரத்தையும் காய்ச்சலையும் விசாரிக்காமல் ஒருவரையும் அனுப்பியதில்லை.

சாமை அறுப்புக்குள் ராஜகண்ணு வண்டி எடுத்துவிட்டார். பாட்டில் அங்கேயேதான் இருக்கிறது. கடைசிக் கல்லைக் குடலுக்குள் தள்ளிவிட்டார்கள், கையில் கொடுக்கவில்லை என்பதில் அவருக்கு இன்னும் வருத்தம். யாராவது பாட்டிலை எடுத்து ஆட்டினால் சொல்வார்:

"இதுல இல்லாத ஒண்ணுதாங்க என்னக் கொல்லப் பாத்துச்சு."