கடுப்பு என்றொரு சொல்

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டர் அறை வாசலில் நின்றிருந்த அந்த முற்பகல் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மூடுபனி வராந்தாவுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. உள்ளே டாக்டர் முன்னால் எங்கள் தலைமையாசிரியரின் தங்கை உட்கார்ந்திருந்தார். முப்பது வயது. கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

பாலசமுத்திரம் பள்ளியில் நான் உதவி ஆசிரியன். பழனிக் கடைவீதி ராவுத்தர் குடும்பம். குடியிருந்தது தலைமையாசிரியர் வீட்டுக்கு அடுத்த வீட்டில். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி வந்துவிட்டது. "விஜயநகரத்துப் படையோட வந்தவங்க நாங்க. நாடு போச்சு, பாஷை போகல" என்று தலைமையாசிரியர் பெருமையாகச் சொல்வார். தங்கைக்கு இடுப்பு வலி கண்டபோதும், பழனியில் வைத்தியர் இருக்க, மலைக்குப் புதிதாக வந்த தெலுங்கு டாக்டரிடம்தான் காட்டவேண்டும் என்று நின்றார். "நம்ம ஆளு. அவ வாய்விட்டுச் சொல்லுவா." துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார்.

தங்கையின் பெயரைப் பதியத் தலைமையாசிரியர் போயிருந்த நேரத்தில் டாக்டர் என்னவென்று கேட்டார். அந்த அம்மாள் கூச்சத்தோடு, "கடுப்பு வச்சிந்தி" என்றார். எத்தனை மாதம் என்றதற்கு, "ரெண்டு நெலலு" என்றார். டாக்டர் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். எழுந்து வராந்தாவுக்குப் போய், திரும்பி வந்துகொண்டிருந்த தலைமையாசிரியரிடம் தணிந்த குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

தலைமையாசிரியர் முகம் செத்துப்போனது. நேரே உள்ளே வந்து தங்கையிடம் தமிழில் கேட்டார்: "யாரு?"

அந்த அம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

எனக்குத்தான் நாக்கு எழும்பியது. "சார், ரெண்டு மாசமா வலிக்குதுன்னு சொன்னாங்க, அவ்வளவுதான்" என்றேன். அவர்கள் வீட்டுத் தெலுங்கில் கடுப்பு என்றால் நம் கடுப்புதான், வலி. டாக்டரின் ஊரிலோ அது வயிறு; 'வச்சிந்தி', அதாவது வந்தது, என்று சேர்த்தால் கர்ப்பம். டாக்டர் பதறி மன்னிப்புக் கேட்டார். தலைமையாசிரியர் சிரிக்கப் பார்த்தார். தைலம் தந்தார்கள், ஒரு மாதத்தில் வலியும் போயிற்று.

எந்த அரசர் எந்தக் கோட்டையைப் பிடித்தார் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தந்திருக்கிறேன். அந்தப் படை கூட்டிவந்த பேச்சு எந்தத் தலைமுறையில், எவர் வாயில் எங்களுடையதாக மாறியது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இடம் மாறிப்போன ஒரு சொல்லைக் குற்றம் சொல்வதா, அந்த ஒரு கணம் நம்பிவிட்ட அண்ணனையா?

அதன்பின் அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் தெலுங்கு பேசினார், மாட்டிடமும் பேசினார். அண்ணனிடம் மட்டும் தமிழ். அவர் தெலுங்கில் கேட்பார். பதில் தமிழில் வரும்.

"கோவத்துல பேசுறாளா, பயந்துபோயிப் பேசுறாளா? உங்களுக்கு ஏதும் தெரியுதா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னே உள்ளிருந்து குரல் வந்தது. அதுவரை தெலுங்கில் 'அன்னா' என்றே அழைத்த குரல்.

"அண்ணே, சோறு ஆறுது. வாங்க."