மூச்சுக்காரரின் போல்ட்

நேற்றைய தேதித்தாளைக் காலண்டரிலிருந்து கிழித்து, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, அந்த வாயின் மேல் தாளை மெல்ல வைப்பார் எங்கள் மெக்கானிக். தாள் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டால் தலையை ஆட்டுவார். எகிறிப் பறந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மூச்சு முட்டுது" என்பார். ஹாரன் அடிக்கவில்லையா, கதவு சாத்தவில்லையா, வண்டி எதற்கு வந்ததோ அதெல்லாம் அப்புறம். முதலில் தாள்.

அதனால்தான் அவருக்கு மூச்சுக்காரர் என்று பெயர் விழுந்தது. பத்தொன்பது வருஷமாக டாக்சி ஓட்டுகிறேன். மூன்று வண்டி மாற்றிவிட்டேன், ஷெட்டை மாற்றவில்லை. மூச்சுக்காரர் ஒல்லியான ஆள், நீட்டு முகம். வண்டியில் கை வைத்திருக்கும்போது டீயைத் தொடமாட்டார். அவருக்கு வாங்கி வைத்த டீ பாதி நாள் ஏடு கட்டிக் கிடக்கும்.

ஒருமுறை பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "இன்ஜின் என்ன மனுஷனாண்ணே, மூச்சு விட?"

"பின்னே? உள்ள வெடிக்குதுல்ல. பிஸ்டனைச் சுத்தியிருக்க ரிங் எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் கொஞ்சம் புகை ஓரமா நழுவிக் கீழ இறங்கிடும். கீழ ஆயில் இருக்கு. புகை அங்கயே தங்குனா ஆயில் சேறாயிடும். அழுத்தம் ஏறும். ஏறுனா எங்க மெலிசா இருக்கோ அங்க பிச்சுக்கிட்டு வரும்."

விரல் நீளம்கூட இல்லாத ஒரு வால்வை எடுத்து என் காதருகே குலுக்கினார். கிலுகிலுவென்றது.

"ஃபில்டர் பக்கமிருந்து நல்ல காத்து உள்ள வரும். கெட்ட புகையை இது வழியா இழுத்து, மறுபடி எரியறதுக்கே அனுப்பிடும். குலுக்குனா சத்தம் வரணும். வரலைன்னா அடைச்சிருச்சு."

"இத்தனூண்டு சாமானா?"

"உங்க மூக்கு மட்டும் என்ன முறம் அகலமா?"

வேலை முடிந்ததும் சும்மா சாவியைக் கொடுத்து அனுப்பமாட்டார். வண்டிக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை அந்த ஆயில் வாயின் மேல் தானே கொண்டுபோய் வைப்பார். இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள் கூசுவார்கள், விடமாட்டார். "என் பேச்சை நம்ப வேணாம். உங்க கை சொல்லட்டும்." எனக்கும் வைத்திருக்கிறார். கைக்குழந்தை உள்ளங்கையில் வாய் வைத்து உறிஞ்சுகிற மாதிரி இருக்கும், அவ்வளவு லேசாக.

காலண்டர் தொங்கும் ஆணியிலேயே ஒரு போல்டும் தொங்குகிறது. கம்பியில் கட்டியது, தீயில் கறுத்தது. அது என்னவென்று கேட்டு ஆறு வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

அவருடைய தங்கை வீட்டுக்காரர் சரக்கு வேன் வைத்திருந்தார். வேனுக்குள் ஆயில் வாடை அடிக்கிறது, ஃபில்டரில் ஆயில் வந்து நிற்கிறது என்று கொண்டுவந்தார். சரக்கு ஏற்றி நிற்கிறது, உடனே கிளம்ப வேண்டும். மூச்சுக்காரர் கெட்ட புகை போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றி, அதன் வாயில் ஒரு போல்டைச் சொருகிக் கிளிப் போட்டு முடுக்கிவிட்டார். ஒரு நிமிஷ வேலை. வாடை நின்றது. அடுத்த வாரம் சரியாகச் செய்துகொள்ளலாம் என்றார்கள் இரண்டு பேரும். அடுத்த வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் ஒரு மேட்டில் ஏறும்போது, உள்ளே கட்டிய அழுத்தம் இன்ஜின் மேல்மூடியின் பேக்கிங்கைப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஆயில் சூடான சைலென்சர் குழாயில் கொட்டித் தீப்பிடித்தது. பானெட்டை வெறுங்கையால் தூக்கப்போய் மாப்பிள்ளைக்கு வலது உள்ளங்கை வெந்துபோயிற்று.

ஹோஸ் எரிந்து சாம்பல். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இவர் போய் எரிந்த வேனுக்குள் துழாவி போல்டை எடுத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தார். "நான் அடைச்சது மாப்பிள்ளை." மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவர் போல்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பதினோரு வருஷம். ஒரே ஊர், நடுவில் இரண்டு தெரு. தங்கை வீட்டு வாசலை இவர் மிதிக்கவில்லை.

போன மாதம் ஒரு காலையில் என் வண்டிக்கு பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவரின் வலது உள்ளங்கை வெளுத்த ரப்பர் போல வழவழவென்றிருந்தது. யாரென்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன் சீட்டில் ஒரு அம்மா, அதே நீட்டு முகம், இறங்கவில்லை.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்ஜின் பின்பக்க சீல்ல ஆயில் ஒழுகுது. வேற ஷெட்ல ரெண்டு தடவை கியர்பாக்ஸை இறக்கி சீல் மாத்தியாச்சு. இப்ப இன்ஜினையே இறக்கணும்கிறாங்க. இங்க பார்ப்பாங்களான்னு கேளுங்க."

மூச்சுக்காரர் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறார். "பார்ப்பாங்கன்னு சொல்லுங்க" என்றார், அவரும் என்னிடமே.

பிரேக்குக்கு வந்தவன் நடுவில் தபால்காரனாக நின்றேன்.

"எனக்கு இங்க வர இஷ்டமில்ல. வீட்டுல விடல. அதையும் சொல்லுங்க."

காருக்குள்ளிருந்து அந்த அம்மா, "ரெண்டு பேருக்கும் வாய் ரிப்பேரா? அந்த மனுஷனை ஏன் போட்டு அலைக்கழிக்கிறீங்க?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மூச்சுக்காரர் இன்ஜினை ஓடவிட்டுத் தாளை வைத்தார். வைத்த வேகத்தில் எகிறி என் காலடியில் வந்து விழுந்தது. வால்வைப் பிடுங்கிக் குலுக்கினார். சத்தமே இல்லை. உள்ளே கறுப்புச் சேறு. ஹோஸிலும் அதே சேறு. ஹோஸைக் கழுவி, கம்பி விட்டுத் துழாவி, மறுபடி கழுவினார். வெளிச்சத்தில் நீட்டி உள்ளே பார்த்தார். மூன்று முறை பார்த்தார். புது வால்வைப் போட்டார்.

"சீல் மேல குத்தமில்ல" என்றார் என்னிடம். "உள்ளருந்து தள்ளுனா எந்த சீல் நிக்கும்? ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. அப்பவும் ஒழுகுனா நானே இறக்கிப் பார்க்குறேன்."

மாப்பிள்ளை காலண்டர் ஆணியில் தொங்கிய போல்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் தூக்கிப் போடலையா?" இதை அவர் என்னிடம் கேட்கவில்லை.

"இல்ல."

வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். புதுத் தாள் வாயோடு ஒட்டிக்கொண்டது. அடுத்தது கையைப் பிடிக்க வேண்டிய இடம். மூச்சுக்காரர் பிடிக்கவில்லை. வேஸ்ட் துணியை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் அந்த அம்மா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

மாப்பிள்ளை தாளை எடுத்துவிட்டு வலது உள்ளங்கையைத் தானே அங்கே வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

பிறகு இடது கையை நீட்டினார். இன்ஜின் பக்கம் அல்ல, மூச்சுக்காரர் பக்கம். அவர் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.