பழைய போல்ட்டை முடுக்கியது நான்தான்

எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் பிழைப்புக்கு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு லாரிதான் இருந்தது. ஒரு வாரம் அவன் ஓட்டுவான், அடுத்த வாரம் நான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை மயிலாப்பூரில் வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு, சாவியை எதிர் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம். வண்டியைப் பற்றி ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் டீக்கடைக்காரரிடம் சொல்வோம். "பிரேக்கு ஒரு பக்கம் இழுக்குதுன்னு அவன்கிட்ட சொல்லிடு." அவர் சலிப்போடு தலையை ஆட்டுவார்.

ஐஸ் அடிப்பதுதான் தொழில். ஃபேக்டரியில் ஐஸ் பார்களை ஏற்றிக்கொண்டு காலையில் நொச்சிக்குப்பம், பெசன்ட் நகர் ஊரூர் ஒல்காட் குப்பம் என்ற இரண்டு மீனவக் குப்பங்களிலும் இறக்குவோம். திரும்பும்போது மீன் பெட்டிகள் வரும். ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் தண்ணீரும் பலகை இடுக்கு வழியாக நாள் முழுக்கக் கீழே சொட்டும். அடியில் இருக்கிற இரும்பெல்லாம் அந்த உப்பில் ஊறிக்கொண்டே இருக்கும்.

பேச்சு நின்றது அம்மா விஷயத்தில். அம்மா என் வீட்டில் இருந்தபோது பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் என்னைக் காட்டிச் சொன்னான்: "பாத்ரூம்ல தண்ணி நின்னுக்கினே கீதுடா, பாசி புடிச்சி கீதுடான்னு எத்தினி வாட்டி சொன்னேன். கேட்டானா இவன்? அம்மாவ இவன்தான் கொன்னான்." நான் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தேன். நாலு பேர் பிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் முகத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவனும் பேசவில்லை. லாரியை விற்றுவிட்டுத் தனித்தனியாகப் போயிருக்கலாம். ஆனால் விற்பதற்கும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டுமே.

சென்ற வருடம், என்னுடைய வாரத்தில், மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி எழுந்தது. பட்டென்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் சாய்ந்துகொண்டது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்கும் இரும்புப் பட்டைகளில் மெயின் பட்டை ஒடிந்திருந்தது. அப்படியே ஊர்ந்து ஊர்ந்து கிண்டிக்குக் கொண்டுபோனேன். எஸ்டேட்டில் நாங்கள் வழக்கமாக வேலை பார்க்கும் ஷெட் இருக்கிறது. அதன் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் உருது, எங்களிடம் சுத்தமான மெட்ராஸ் தமிழ். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பாய் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, பட்டை அடுக்கைக் கழற்றினார். அந்தப் பட்டைகளைச் சக்கரத்தைத் தாங்கும் ஆக்சிலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருப்பவை இரண்டு யூ போல்ட்டுகள். கட்டைவிரல் பருமன் கம்பியை 'ப' போல வளைத்து இரண்டு முனையிலும் நட்டு போட்டிருக்கும். பாய் அவற்றைத் தரையில் வைத்து, கம்பி பிரஷ்ஷால் ஒன்றைத் தேய்த்தார். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள்.

"பட்டையோட இத்தயும் மாத்திடு நைனா," என்றார். "யூ போல்ட்ட ஒரு வாட்டி இறுக்கினா கம்பி நீண்டுக்கும். அவுத்துட்டு மறுபடி போட்டா பழைய பிடி இருக்காது. இதுல உப்பு வேற தின்னு வெச்சிகீது. மரைய பாரு, கரைஞ்சி போச்சி."

சரி பாய் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஷெட் வாசலில் அண்ணன் வந்து நின்றான். பட்டை ஒடிந்ததை நான் டீக்கடைக்காரரிடம் சொல்லியிருந்தேன்; அவர் போன் போட்டு அவனிடம் சொல்லியிருக்கிறார். அவன் என்னைப் பார்க்கவில்லை. நேராக பாயிடம் போனான்.

"பாய், எல்லாமே புதுசு போட்டுடு. ஒண்ணு விடாத. இத பாரு துருவ. ஒரு நாளாவது கீழ குனிஞ்சி பார்த்திருந்தா இந்த கதி வருமா? அவன் கையில குடுத்தது எது நல்லபடியா இருந்துச்சி?"

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் ஒரு கணம் என் பக்கம் திரும்பினான். எதைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். அதை எனக்குத் தெரியவைக்கத்தான் அவன் கிண்டி வரை வந்தான் என்றே பட்டது.

"துரு இவன் வாரத்துல புடிக்காதான்னு கேளு பாய்," என்றேன்.

"நான் வண்டிய கழுவிட்டுத்தான் நிறுத்துவேன்னு சொல்லு பாய்."

பாய் இரண்டு பேருக்கும் நடுவில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு நின்றார். "ரெண்டு பேரும் வாய மூடுங்கப்பா. புதுசுதான் போடப்போறேன். இந்த சைஸு இங்க இல்ல. தொழுகைக்குப் போய்ட்டு வந்து புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பறேன். நீ கிளம்பு," என்று அண்ணனை அனுப்பிவைத்தார். அண்ணன் நிம்மதியாகப் போனான். எனக்கு அவனுடைய நடையே எரிச்சலாக இருந்தது. தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறவன் நடை.

பாய் புதுப் பட்டையை மட்டும் மாட்டி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மசூதிக்குக் கிளம்பினார். ஷெட்டில் நான் மட்டும்தான். தரையில் அந்த இரண்டு போல்ட்டுகள் கிடந்தன. புதிது போட்டால் அவன் சொன்னது சரி என்றாகிவிடும். வண்டியைக் கெடுத்தவன் நான் என்றாகிவிடும். அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. மனசு சரியில்லை, அவசரத்தில் செய்தேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். நிதானமாகத்தான் செய்தேன்.

போல்ட் இரண்டையும் தேய்த்து எண்ணெய் போட்டேன். பாய் மாட்டி வைத்திருந்த புதுப் பட்டைக்கு மேலே அவற்றைப் போட்டு, மல்லாக்கப் படுத்துக்கொண்டு நட்டுகளை ஏற்றினேன். ஸ்பானரில் பைப்பைச் சொருகி முடுக்கினேன். மூன்று நட்டு இறுகி நின்றது. நாலாவது நட்டு இறுகிக்கொண்டே வந்து, திடீரென்று கொஞ்சம் வழுக்கியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. மரை நழுவுகிறது என்று கை சொல்லிவிட்டது. இருபது வருடம் வண்டி ஓட்டியவனுக்குத் தெரியாதா? தெரிந்தது. அப்படியே விட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். பட்டைக்கு அடிக்கிற கறுப்பு பெயிண்ட் டப்பா ஓரமாக இருந்தது. அதை எடுத்து இரண்டு போல்ட்டுக்கும் நட்டுக்கும் பூசினேன். அண்ணன் குனிந்து பார்த்தால் புதிதாகத் தெரிய வேண்டும். என்னை எதற்கும் உதவாதவன் என்று நினைத்தவனை நான் ஏமாற்றிவிட்டேன் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. 

பாய் திரும்பி வந்தபோது வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி நிறுத்தியிருந்தேன். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். பெயிண்ட் ஒட்டியது.

"இன்னா வேல இது? அவுத்துடு."

"முடியாது பாய். என் வாரம், என் வண்டி."

"மனுசன் உக்காந்து ஓட்ற வண்டிப்பா இது."

"நான்தானே ஓட்டப்போறேன்?"

அவர் விரலில் ஒட்டிய பெயிண்ட்டைத் துணியில் துடைத்தார். "அப்ப இது என் வேல இல்ல. எவன் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன். போ," என்றார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லையே என்று மனதுக்குள் அண்ணனிடம் பேசிக்கொண்டே ஓட்டினேன். ஞாயிறு சாயங்காலம் சாவியை டீக்கடையில் நீட்டினேன். "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல," என்றேன்.

என் வாரம் இல்லாதபோது நான் ஆக்டிங் டிரைவராகப் போவேன். புதன்கிழமை காலை தி.நகரில் ஒரு குடும்பத்தைத் துணிக்கடையில் இறக்கிவிட்டுக் காரில் உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர் போன் செய்தார். "பெசன்ட் நகர்ல வண்டி பிளாட்பாரத்துல ஏறிடுச்சாம்பா. உங்க அண்ணன்... நீ போ." சாவியைக் கார்க்காரரிடம் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். அடையாறு சிக்னலில் ஆட்டோ நின்றபோது இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்றுதான் தெரியவில்லை.

ஒல்காட் குப்பத்துக்குத் திரும்பும் தெருவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை. முழு லோடோடு அதில் ஏறி இறங்கியபோது போல்ட் ஒன்று அறுந்திருக்கிறது. ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்து, வண்டி தானாகத் திரும்பி பிளாட்பாரத்தில் ஏறிவிட்டது. அங்கே ஓர் இஸ்திரி வண்டி. அதன் சொந்தக்காரம்மா எதிர் அபார்ட்மென்ட்டில் துணி கொடுக்கப் போயிருந்தாள். அதனால் பிழைத்தாள். தள்ளுவண்டி நொறுங்கிக் கிடந்தது. மடித்து வைத்த துணிகள்மேல் கரி நெருப்பு சிதறிப் புகைந்துகொண்டிருந்தது. ஐஸ் பார்கள் ரோட்டில் உடைந்து கிடந்தன.

கும்பலுக்கு நடுவில் அண்ணன் நின்றிருந்தான். இடது மணிக்கட்டை வலது கையால் தாங்கிக்கொண்டிருந்தான். இரண்டு மூன்று பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"காலங்காத்தாலயே குடிச்சிட்டு ஓட்றியா நீ?" என்று ஒருவன் அவன் கன்னத்தில் அறைந்தான்.

"குடிக்கலங்க. ஆக்சில் இழுத்துக்கினு போச்சிங்க," என்றான் அண்ணன். அவன் யாரையும் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொரு அறை விழுந்தது. நான் கும்பலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "அடிக்காதீங்க, அவரு என் அண்ணன்," என்று கத்தினேன். அவ்வளவுதான் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை. அது எனக்கு அந்த அறைகளைவிட மோசமாக இருந்தது.

போலீஸ் வந்து ஊதச் சொன்னார்கள். குடிக்கவில்லை என்று தெரிந்தது. இஸ்திரிக்காரம்மா ஓடிவந்து மண்ணை வாரித் தூற்றினாள். "நீ நல்லா இருப்பியாடா? உன் கை வெளங்குமாடா?" என்று அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

லாரியைக் கட்டி இழுத்து கிண்டியில் அதே ஷெட்டில் விட்டார்கள். மூன்றாம் நாள் பாய் இரண்டு பேரையும் வரச் சொன்னார். அண்ணன் கையில் மாவுக்கட்டோடு வந்தான். பாய் ஒரு பழைய நியூஸ்பேப்பரை விரித்து, அறுந்த போல்ட்டை அதன்மேல் வைத்தார். அறுந்த முகத்தில் பாதி கறுத்துத் துருப்பிடித்திருந்தது. மீதி பாதி பளபளவென்று இருந்தது. பழைய விரிசல் எது, அன்றைக்கு அறுந்தது எது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். வெளிப்புறம் முழுக்கக் கறுப்பு பெயிண்ட்.

"இத நான் போடல," என்றார் பாய். "ஆனா என் மேலயும் தப்பு கீது. உங்க சண்டையில நான் ஏன் பூரணும்னு சும்மா இருந்துட்டேன். ஒரு போன் பண்ணி இருக்கணும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். நடுவில் யாரையும் வைக்காமல் கேட்டான்.

"நீயா போட்ட?"

"ஆமா."

"பெயின்ட்டு?"

"நான்தான்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் குரல் ஏறவே இல்லை.

"அம்மா விஷயத்துல நான் வாய வுட்டது தப்புன்னு எனக்கும் தெரியும்டா. பாத்ரூம்ல யாரு வேணா வழுக்குவாங்க. இந்த தெவசத்துக்கு உன் வூட்டுக்கு வந்து சொல்லிடலாம்னு இருந்தேன். உங்க அண்ணிகிட்ட கேட்டுப் பாரு." மாவுக்கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டான். "இப்ப சொல்ல மாட்டேன். போ."

நான் போனேன்.

மறுநாள் பெசன்ட் நகருக்குப் போய் இஸ்திரிக்காரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஓட்டியவன்மேல் தப்பில்லை, என்மேல்தான் என்றேன். ஆசாரியிடம் புதுத் தள்ளுவண்டி சொல்லியிருக்கிறேன் என்றேன். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "தெரிஞ்சே செஞ்சியா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். "வண்டிய எறக்கி வெச்சிட்டுப் போய்டு. அதுக்கப்புறம் உன் மூஞ்சி இந்தத் தெருவுல தெரியக்கூடாது," என்றாள். புது வண்டி வந்த அன்று இறக்கி வைத்தேன். அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

லாரியில் என் பாதியை அண்ணன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டோம். அவன் எனக்கு அந்தப் பக்கமாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணனின் மணிக்கட்டு எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் கை முழுதாகத் திரும்பவில்லை என்று டீக்கடையில் சொன்னார்கள். கியர் போட முடியவில்லையாம். டிரைவர் வைக்க வேண்டும். டீக்கடைக்காரர் நல்லெண்ணத்தில், "உன் தம்பியே ஓட்டட்டுமே," என்று அவனிடம் கேட்டிருக்கிறார். "எவன வேணா கூட்டிக்கினு வா. அவன் மட்டும் வாணாம்," என்றானாம். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனைக்குப் பிறகும் எனக்கு அவன்மேல் கோபம் வருகிறது. அன்றைக்கு ஷெட்டில் அவன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று நினைக்கிறேன். அப்புறம் அந்த நாலாவது நட்டு என் கையில் வழுக்கியது ஞாபகம் வருகிறது. அதற்கு மேல் நினைக்க ஒன்றும் இல்லை.

இப்போது நான் வேறொருவரின் பார்சல் வேன் ஓட்டுகிறேன். போன மாதம் அடையாறில் சிக்னலுக்கு நின்றபோது எங்கள் லாரி பக்கத்தில் வந்து நின்றது. புது டிரைவர் ஓட்டினான். இந்தப் பக்க சீட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். எட்டித் தொடுகிற தூரம். "அண்ணே," என்று கூப்பிட்டேன். அவன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட ஆரம்பித்தான். இடது கையால் கைப்பிடியைச் சுற்ற முடியாமல், வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து, கண்ணாடி முழுக்க மேலே ஏறும்வரை விடாமல் சுற்றினான்.