ஆளில்லாத படகைக் கொண்டுபோய் விட்டவர்கள்

‘ஆளில்லாத படகு’ என்ற சொல்தான் எனக்குப் பிடித்திருந்தது. மகள் அந்த வேலையில் சேர்ந்தபோது உறவினர்கள் எல்லோரிடமும் அதை அழுத்திச் சொன்னேன். புயல் வரும் வழியில் கடலில் ஒரு படகு காத்து நிற்கும். காற்றின் வேகம், அலையின் உயரம், தண்ணீரின் சூடு மூன்றையும் அளந்து அனுப்பும். அதில் ஆள் கிடையாது. ஓட்டுகிறவள் சிதம்பரத்தில், எங்கள் வீட்டு மாடி அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். கடலில் கால் நனைக்க வேண்டியதில்லை.

நான் புவனகிரி தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவன். அங்கே மழைமானியைத் திறந்து அளவெடுத்து அனுப்புவது என் பொறுப்பாக இருந்தது. அளவெடுப்பவன் மழையில் நின்றாக வேண்டும். அப்போது பிடித்த சளி இன்னும் என்னை விடவில்லை. நனையாமல் அளக்கிற வேலை மகளுக்குக் கிடைத்ததில் எனக்கு நிம்மதி.

அந்த ஐப்பசியில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானது. கடலூர் துறைமுகத்தில் முதல் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள். மகள் படகைக் கிழக்கே திருப்பிவிட்டாள். மறுநாள் காலை நான் மூன்றாவது இட்லியில் இருந்தபோது மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தாள்.

“அப்பா, போட்ட யாரோ இழுத்துக்கிட்டுப் போறாங்க.”

திரையில் பச்சைப் புள்ளி ஒன்று கரையை நோக்கி நேர்கோடாக நகர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் உப்பனாற்று முகத்துவாரத்துக்குள் நுழைந்து ஒரு மீனவர் குடியிருப்பின் ஓரமாக நின்றது.

கூட வர வேண்டாம் என்று மகள் சொல்லியும் நான் பஸ் ஏறினேன். கடலூர் வரும் வரை வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். எண்ணினால் வேறு நினைப்பு வராது.

இரண்டு கட்டில் நீளத்துக்கு, ஆரஞ்சு நிறத்தில், நடுவே பலகை போல விறைப்பாக நிற்கும் பாயோடு மகளின் படகு ஒரு பைபர் படகின் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது. இழுத்து வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க மீனவர். உடன் போயிருந்தது அவருடைய மச்சான். மகள் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். அந்த மீனவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

“கூண்டு ஏத்திட்டாங்கன்னு எல்லாரும் கரைக்குத் திரும்புறோம். இது மட்டும் எதுத்தாப்புல போவுது. கயிறு அறுந்து வந்த போட்டுன்னு நெனச்சோம். ஆளு எங்கனா தண்ணியில கெடக்கானான்னு சுத்திச் சுத்தித் தேடினோம் தங்கச்சி. கூப்புட்டுக் கூப்புட்டு என் மச்சானுக்குத் தொண்டையே கட்டிப்போச்சு.”

மச்சான் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். குரல் உண்மையாகவே கரகரத்தது. “பதில் சொல்ல ஒருத்தன் இருந்தாத்தான?”

மகளின் முகம் மாறியது. “இதுல ஆளே கெடையாதுண்ணே. புயலுக்குள்ள போறதுதான் இதோட வேல.”

“தெரிஞ்சேவா போவுது?”

“தெரிஞ்சேதான்.”

“அப்ப கல்யாணம் ஆன போட்டா இருக்கும்” என்றார் மச்சான்.

கூரைக்கு மேல் பழைய வலையை விரித்துக்கொண்டிருந்த மீனவரின் மனைவி அங்கிருந்தே, “வூட்டுக்கு வா, சொல்றேன்” என்றார். நான்கு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்தப் படகு காற்றில் ஓடுவது. வாடைக்காற்று கரையை நோக்கி அடிக்கும்போது ஆற்றுவாயைத் தாண்டித் தானாக வெளியேறாது. யாராவது இழுத்துப்போய் அலை உடையும் இடத்துக்கு அப்பால் விட வேண்டும். மாலையில் கூண்டு எண்ணை மாற்றினால் எந்தப் படகையும் வெளியே விடமாட்டார்கள். மீனவர் வானத்தைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

“இழுத்துட்டு வந்தது நாங்க. நாங்களே கொண்டுபோய் உட்டுடறோம்.”

“நானும் வரணும்ணே” என்றாள் மகள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். “நீ எதுக்கு? எப்படின்னு சொல்லிக்குடு, அவுங்க செய்யட்டும்.”

“இழுக்கறப்ப பாய் சுத்தாம இருக்க ஒரு பூட்டு போடணும்பா. கடல்ல அத எடுத்தாகணும். எடுத்த ஒடனே பாய் சுத்தும். எந்தப் பக்கம் குனியணும்னு தெரியலன்னா மண்டையில அடிச்சுடும்.”

“ஆளில்லாத போட்டுன்னுதான சொன்ன?”

“அது கடல்ல இருக்கறப்பதாம்பா.”

உயிர்காப்பு உடுப்பு இரண்டுதான் இருந்தது. போகிறவர்கள் மூன்று பேர். மகளுக்கு ஒன்று, மீனவருக்கு ஒன்று. மச்சான் காலி எண்ணெய்க் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி இடுப்போடு சுற்றிக்கொண்டார். மூடி சரியாக இருக்கிறதா என்று நான் திருகிப் பார்த்தேன். “இறுக்கிட்டேன் மாமா” என்றார்.

பைபர் படகு முன்னால் போக, ஆரஞ்சுப் படகு கயிற்றில் பின்னால் போனது. ஆற்றுவாயில் தண்ணீர் பழுப்பாகக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. முதல் அலையில் பைபர் படகின் மூக்கு உயர்ந்து, பிறகு மொத்தமாக மறைந்தது. நான் வாய்விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அலையில் தெரிந்தது. திரும்ப மறைந்தது.

“ஐயா, நீங்க எண்ணினா அலை கொறையுமா? இந்தக் கயித்தப் புடிங்க” என்றார் மீனவரின் மனைவி. கூரை பறக்காமல் இருக்க மணல் மூட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டிருந்தார். பிடித்தேன். அவர் முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், அதே இடத்தில் மறுபடியும் போட்டார்.

அலை உடைகிற வரிசைக்கு அப்பால் நிறம் மட்டும்தான் தெரிந்தது. வெகுநேரம் இரண்டும் ஒன்றாகவே ஆடிக்கொண்டிருந்தன. பிறகு ஆரஞ்சு தனியாகப் பிரிந்து தெற்கே சாய்ந்து போனது. பாய் திரும்பிவிட்டது. மகள் பூட்டை எடுத்துவிட்டாள் என்று புரிந்தது. குனிந்தாளா என்பது தெரியவில்லை.

தூறல் விழுந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பைபர் படகு திரும்பி வந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு தலைகள் தெரிந்தன.

மறுபடியும் எண்ணினேன். பின்னால் இன்ஜின் பக்கம் ஒன்று, முன்னால் ஒன்று. இரண்டு.

“எத்தன பேரு தெரியுதும்மா?” என்று கேட்டேன்.

அவர் ஒரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். அவர் பிடியிலிருந்த கயிறு தளர்ந்து ஒரு மணல் மூட்டை பொத்தென்று கீழே விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை. இரண்டு தலையில் யாருடைய தலை இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டதை எழுத மனம் வரவில்லை. அவரும் அதையேதான், மாற்றி வேண்டியிருப்பார்.

ஆற்றுவாயில் படகு கடைசி முறையாக மறைந்து எழுந்தபோது நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்து தண்ணீரை வெளியே வீசியது. திரும்பவும் வீசியது. வெட்டிய கேன் ஒன்றால் யாரோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கரைக்கு அருகே வந்ததும் அந்த ஆள் நிமிர்ந்தாள். மகள். முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது.

இறங்கியதும் மணலில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். மச்சான், “கம்ப்யூட்டர்ல ஓட்டறப்ப இப்புடி வராதில்ல?” என்றார். மீனவரின் மனைவி அவரை ஒரு வார்த்தை திட்டிவிட்டு மகளின் தலையைத் துவட்டினார். நான் கீழே விழுந்த மூட்டையைத் தூக்கி வைத்தேன். எனக்கு அதைத் தவிர வேறு வேலை இல்லை.

மறுநாள் எங்கள் தெரு முருங்கைகள் படுத்துவிட்டன. திரையில் அலையின் உயரம் எங்கள் மாடியைத் தாண்டியிருந்தது. பிறகு எண்கள் வருவது நின்று, கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் வந்தன. அப்போது மீனவர் போன் செய்தார். மகள் எண்களைக் குறித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். குடியிருப்பில் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்.

“போட்டு எங்க இருக்குது ஐயா?”

“புயலுக்குள்ளதான் இருக்கு.”

“அதுல ஆளு யாரும் இல்லீல்ல?”

“இல்லப்பா” என்றேன். “மூணு பேரும் கரைக்கு வந்தாச்சு. நான் எண்ணிட்டேன்.”