தாளத்தைத் தொலைத்த பெட்டி

எங்கள் மாமா வெங்கடசாமி மாட்டைப் பார்த்தால் பேச மாட்டார். மனுஷனைப் பார்த்தால் மாட்டைப் பற்றித்தான் பேசுவார். மாமா என்றால் அக்கா ருக்மணியின் வீட்டுக்காரர். நான் காவேரி, அக்காவின் கடைசித் தங்கை. எட்டாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். இரண்டு பக்கமும் நிம்மதி. அன்றிலிருந்து மத்திகிரியில் அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. கொழுந்தியாள் மாமாவைக் கேலி செய்யலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் வழக்கத்தை மதித்து நடக்கிறவள்.

மாமாவுக்குத் தொழில் மாட்டுத் தரகு. ஓசூர்ச் சந்தை, கிருஷ்ணகிரிச் சந்தை, சிங்காரப்பேட்டை என்று சுற்றுவார். நல்ல வண்டி மாடு வேண்டுமென்றால் அஞ்செட்டி மலைக்கே ஏறிவிடுவார். பேரம் எல்லாம் துண்டுக்கு உள்ளேதான். கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, எதிராளியின் விரலைப் பிடித்தால் ஒரு விலை, மடக்கினால் ஒரு விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. சந்தை எவ்வளவு இரைந்தாலும் மாமாவுக்குக் கவலை இல்லை. அவர் தொழிலுக்கு வாயும் வேண்டாம், காதும் வேண்டாம்.

அப்படிப்பட்டவர் வீட்டில் பாட்டுப் பெட்டி வந்தது ஒரு பசுமாட்டால். பெங்களூரில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது தன் பசுவையும் கன்றையும் விற்றுத் தரச் சொன்னார். தரகுக்குப் பதிலாக மாமா அவருடைய, இசைத்தட்டைச் சுழற்றும் மின்சாரத் தட்டுமேடையைக் கேட்டு வாங்கி, கன்றைத் தூக்குவதுபோல் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பாட்டுப் பெட்டியின் மற்ற பாகங்களை ராஜப்பன் செய்து கொடுத்தார். ராஜப்பன் யுத்தத்தில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் இருந்தவர். இப்போது ஓசூர் பஸ் நிலையத்தருகே ரேடியோ பழுது பார்க்கிறார். பாதி தமிழ், பாதி கன்னடம், இடையில் கொஞ்சம் மிலிட்டரி இங்கிலீஷ். அவர் பேசுவதே சரியாகச் சுதி சேராத ரேடியோபோல்தான் இருக்கும்.

பலாப் பலகையில் செய்த, மாட்டுத் தொட்டி அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். இரும்பு அடுப்புபோல் சூடாகும் ஆம்பிளிபையர் ஒன்று. அது எங்கள் வீட்டில் பெரிய பெட்டி. தட்டுக்கும் அதற்கும் நடுவில் இன்னொன்று உண்டு. ராஜப்பன் அதை பிரீ-ஆம்ப் என்பார், நாங்கள் சின்னப் பெட்டி என்போம். ஊசி பிடிப்பது பொடிச் சத்தம். அதை முதலில் கொஞ்சம் வளர்த்து, கட்டைச் சத்தம் இவ்வளவு, கீச்சுச் சத்தம் இவ்வளவு என்று திருகில் பிரித்துப் பெரிய பெட்டிக்கு அனுப்புவது அந்தச் சின்னப் பெட்டியின் வேலை. மாமா கண்ணில் அதுவும் ஒரு தரகர்தான்.

மாமாவிடம் இருந்த தட்டுகளில் அவருக்கு உயிர் ஒரே ஒரு நாதஸ்வரத் தட்டு. கல்யாணி ராகம். எங்களுக்கெல்லாம் நாதஸ்வரம் கேட்கும். மாமாவுக்குக் கேட்பது அதன் பின்னால் விழுகிற பித்தளைத் தாளம்.

"வாசிக்கிறவன் ராஜாதான், இல்லேங்கல. ராஜாவ நடத்திக் கூட்டிக்கினு போறவன் யாரு? இந்தத் தாளக்காரன்! தட்டு மேல அவன் பேரு இருக்கா பாரு. இருக்காது. தரகன் பேர எவன் எழுதுவான்?" என்பார்.

பேரில்லாத அந்த மனுஷனைக் கேட்பதற்காகவே சந்தையிலிருந்து வந்ததும் கால் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். தாளம் விழுகிற இடமெல்லாம் அவர் ஆட்காட்டி விரல் முழங்காலில் விழும்.

போன மழைக்காலத்தில் அஞ்செட்டிக்கு மாடு பிடிக்கப் போனவர் மலைக்காய்ச்சலோடு திரும்பினார். கொய்னா மருந்தைக் கசக்கக் கசக்கக் குடித்துப் பிழைத்து எழுந்தார். எழுந்ததும் முதல் வேலையாகத் தட்டைப் போட்டார். விரல் முழங்காலுக்கு மேல் தூக்கியபடியே நின்றது.

"தாளம் எங்கடி?"

"அதுக்குள்ளதான் இருக்கு மாமா. எங்க போவும்?"

"இல்ல. சின்னப் பெட்டி தின்னுட்டுது. உஸ்ஸுன்னு ஒரே இரைச்சல் வேற."

எங்களுக்கு இரைச்சல் எதுவும் கேட்கவில்லை. காய்ச்சல்காரரிடம் வாதாட வேண்டாம் என்று அக்கா கண்ணைக் காட்டினாள். அதே வாரம் வண்டி மாடுகளின் கழுத்துச் சலங்கையை நான் அவிழ்த்து ஒளித்துவிட்டேன் என்று வேறு மாமா என்னைத் திட்டினார். சலங்கை மாட்டின் கழுத்திலேதான் இருந்தது. நான் செய்கிற குறும்பு ஊருக்கே தெரியும். செய்யாததற்குத் திட்டு வாங்குவது எனக்கு மானப் பிரச்னை. அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

ராஜப்பன் வந்து சின்னப் பெட்டியைக் கவிழ்த்தார், முகர்ந்தார், வால்வை மாற்றிப் பார்த்தார்.

"பெட்டி சென்னாகிதே அண்ணா. நல்லாத்தான் இருக்கு."

"உன் மாடு, நீ அப்படித்தான் சொல்லுவ. எந்த விக்கிறவன் தன் மாடு நொண்டின்னான்? வேற பெட்டி கொண்டா. ஆனா ஒண்ணு, பூட்டி ஓட்டிப் பாக்காம வாங்க மாட்டன்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பெங்களூரில் தெரிந்த கடைகளில் கெஞ்சிக் கூத்தாடி, ராஜப்பன் வேறு சில சின்னப் பெட்டிகளை எங்கள் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார். ஒரு சாக்குப் பையை மட்டும் பிரிக்காமல் வாசற்படியருகே தள்ளி வைத்தார்.

முதல் பெட்டி மினுமினுவென்று இருந்தது. முகப்பில் தங்க எழுத்து. மாமா அதைச் சுற்றி வந்தார். பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டே பல்லு. கன்னுக்குட்டி."

"அது வால்வுண்ணா."

"தெரியும்ப்பா. நெத்தியில ஒத்தத் திருகு. ஒத்தச் சுழி மாடு வீட்டுக்கு ஆவுமா?"

"சுழி ஏனு அண்ணா, அது திருகு! வேணும்னா இன்னொண்ணு போட்டுத் தர்றன்."

"சுழியப் போட்டுத் தர்றானாம். கேட்டியாடி காவேரி?"

மானப் பிரச்னையை மறந்து சிரித்துவிட்டேன். தட்டு சுழன்றது. நாதஸ்வரம் கூடத்தை நிறைத்தது. எனக்குத் தாளம் வெள்ளிக் காசு விழுவதுபோல் சுத்தமாகக் கேட்டது. மாமாவின் விரல் அசையவில்லை.

"இல்ல. அடுத்தத அவுத்து விடு."

அடுத்தது ஏதோ டாக்கீசிலிருந்து கழித்த கனமான பெட்டி. நாலு பல். பூட்டி ஓட்டியதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தவுலு வருது. தாளம் இல்ல. அதே இரைச்சல்."

ராஜப்பன் எல்லாவற்றையும் அணைத்தார். கூடம் அமைதியானது.

"இன்னும் இரையுது பாரு," என்றார் மாமா. "சூடு ஆறல போல."

ராஜப்பன் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். நான் அலமாரியைப் பார்த்தேன். மார்கழி பஜனைக்காரர்களின் தாளம் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. மாமா பெட்டியில் தாளம் இல்லை என்கிறார். நாமே போட்டுவிட்டால் என்ன? 'ஆகா, வந்துட்டுதுடா!' என்று அவர் துள்ளும்போது முன்னால் போய் நிற்க வேண்டும். சலங்கைக் கணக்கும் தீர்ந்துவிடும்.

"ராஜப்பண்ணே, அதே பெட்டிய இன்னொரு வாட்டி போடுங்க," என்று சொல்லிவிட்டு, அலமாரித் தாளத்தை எடுத்துக்கொண்டு மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

தட்டு பாடியது. நான் தாளத்தோடு தாளமாக அடித்தேன். முதலில் மெல்ல, அப்புறம் நன்றாகவே. ராஜப்பன் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். கணீரென்று பித்தளை மோதுகிற சத்தத்தில் என் காதே கூசியது.

மாமா கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா," என்றார். "மத்ததெல்லாம் இருக்கு. அவன் ஒருத்தன்தான் வரல."

ராஜப்பன் வாயிலிருந்த துண்டு கீழே விழுந்தது. என் கை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. எப்படி நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை. அக்கா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் வந்த நிழலில் மாமா திரும்பினார்.

என் கையைப் பார்த்தார். சுழல்கிற தட்டைப் பார்த்தார். மறுபடியும் என் கையைப் பார்த்தார்.

"எப்பத்துலேர்ந்துடி அடிக்கிற?"

"ஆரம்பத்துலேர்ந்து, மாமா."

"அடி பாக்கலாம்."

அவர் முகத்துக்கு நேரே அடித்தேன். அவர் விரலை நீட்டித் தாளத்தின் விளிம்பைத் தொட்டார். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அதிருது," என்றார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. "அப்ப, சலங்கைய நீ அவுக்கல."

"இல்ல மாமா."

"ம்." பிறகு ராஜப்பன் பக்கம் திரும்பினார். "உன் மாட்டு மேல குத்தமில்ல ராஜப்பா. வாங்க வந்தவனுக்குத்தான் சுழி."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் மட்டும் சிரித்துப் பார்த்தார், கூட ஆள் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

"கொய்னா மருந்து காத அடைக்கும் அண்ணா," என்றார் ராஜப்பன். "பர்மாவுல எங்க ஆளுங்களுக்கே ஆச்சு. சில பேருக்குத் தானா திரும்பும். சில பேருக்கு..." மிச்சத்தை விழுங்கிவிட்டு வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள்.

"அந்தச் சாக்குல என்னா இருக்குது?"

"அய்யோ, அது பேடம்மா. வீட்டுக்கு ஆவாது. மிலிட்டரிச் சரக்கு. குண்டு விழற சத்தத்துலயும் பேச்சு காதுல உழணும்னு செஞ்சது. கீச்சு திருகத் திருப்புனா நல்ல காது கிழிஞ்சிரும்."

"நல்ல காதப் பத்தி யாரு கேட்டது? அத எடுங்க."

அது பச்சைச் சாயம் உரிந்த தகரப் பெட்டி, மூலையில் நசுங்கல். மாமா பல் பார்க்கவில்லை, சுழி பார்க்கவில்லை. பூட்டினார்கள். ராஜப்பன் கட்டைத் திருகைத் தாழ்த்தி, கீச்சுத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். தட்டின் கரகரப்பு கடுகு வெடிப்பதுபோல் வெடித்தது. நாதஸ்வரம் மூக்கால் அழுதது. தாளம் ஒவ்வொன்றும் என் பல்லிலேயே விழுந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக் குடிபோனது.

"இன்னும்," என்றாள் அக்கா.

ராஜப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசி வரை திருப்பினார்.

மாமாவின் விரல் விழுந்தது. முழங்காலில், மெதுவாக, சந்தேகத்தோடு. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்தது தாளத்தோடு சரியாகச் சேர்ந்து விழுந்தது.

"தூரத்துல," என்றார். "ஆத்துக்கு அந்தாண்ட யாரோ அடிக்கிறாப்பல. ஆனா அவன்தான்."

தட்டு முடிகிற வரை யாரும் பேசவில்லை. பேசினாலும் கேட்டிருக்காது. முடிந்ததும் மாமா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ராஜப்பன் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் விரல்களைக் காதிலிருந்து எடுக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"வேணாம்ப்பா. எடுத்துக்கினு போ," என்றார். "ஒருத்தன் கேக்கறதுக்கு வீடே காதப் பொத்திக்கினு உக்காரணுமா? பழைய பெட்டியே கெடக்கட்டும்."

அக்கா அவர் பக்கத்தில் போனாள். மாமாவின் தோளிலிருந்த துண்டை உருவினாள். அவருடைய வலது கையின் மேல் போட்டாள். தன் கையை உள்ளே விட்டாள்.

சந்தையில் பெண்கள் துண்டு போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. மாமாவும் பார்த்திருக்க மாட்டார். துண்டு அசைந்தது. மாமா தலையை ஆட்டி மறுத்தார். துண்டு மறுபடியும் அசைந்தது. அவர் இன்னொரு விரலைக் கொடுத்திருக்க வேண்டும். அக்கா அதை மடக்கியிருக்க வேண்டும். மாமாவின் முகம், நல்ல மாட்டைக் கைநழுவ விடப் பார்த்துக் கடைசி நிமிஷத்தில் திரும்பி வருகிற ஆளின் முகமாக மாறியது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "முடிஞ்சிது."

"என்னாண்ணா முடிஞ்சிது? எதுக்குப் பேசி முடிச்சீங்க?" என்று தவித்தார் ராஜப்பன்.

"அது எங்களுக்குள்ள. துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொல்ற வழக்கமில்ல. பெட்டி இங்கியே நிக்கட்டும்."

சொல்லிவிட்டுப் பெட்டியின் பின்னால் குனிந்து, வயர்களைப் பிடுங்கிச் சுருட்டி ராஜப்பன் கையில் மரியாதையாக வைத்தார்.

"இது எதுக்குண்ணா?"

"கயிறு உன்னுதுப்பா. வித்தவன் கயித்த மாட்டோட விடக் கூடாது."

"அண்ணா, இந்தக் கயிறு இல்லாட்டி உங்க மாடு பாடாது!"

மாமா யோசித்தார். வழக்கமும் பெரிது, தாளமும் பெரிது. கடைசியில் தொழுவத்துக்குப் போய் உண்மையான மாட்டுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து ராஜப்பனிடம் கொடுத்துவிட்டு வயரை வைத்துக்கொண்டார். ராஜப்பன் கழித்த பெட்டிகளை அந்தக் கயிற்றாலேயே கட்டி சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

இப்போது தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் அந்தத் தட்டு ஓடுகிறது. பக்கத்து வீட்டுச் சாந்தம்மா அந்த நேரமாகப் பார்த்துத் தண்ணீருக்குப் போய்விடுகிறாள். நாய் தட்டு முடிந்தபின்தான் வருகிறது. விளக்குத் திரிக்கு வைத்திருக்கும் பஞ்சில் பாதி என் காதுக்குப் போகிறது.

அக்கா மட்டும் பஞ்சு வைப்பதில்லை. மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன்கா, உனக்குக் காது வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"வலிக்காம என்னாடி? நானும் பஞ்ச வச்சிக்கினா, அவரு விரலு சரியா உழுதான்னு யாரு பாக்கறது?" என்றாள்.

இதுவரை சரியாகத்தான் விழுகிறது.