தால்சாவுக்குத் தண்ணீர்

கரண்டியில் கோரியெடுத்த கடலைப்பருப்பில் ஒன்றை விரலிடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்தாள் ஜெனி. நசுங்கவில்லை. இன்னொன்றை வாயில் போட்டுக் கடித்தாள். எதிரே முக்காலியில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஞானஜோதிக்கு அது பல்லில் உடைபட்ட சத்தம் கேட்டது. அடுப்பு இரைகிற இரைச்சலில் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் கேட்டது.

"ஆன்ட்டி, இவ்வளவு நேரமாச்சு, இன்னும் கல்லு மாதிரியே இருக்கு."

"பெரிய அண்டா இல்லையா. மெதுவாத்தான் வேகும்."

"விடியக்காலைலயே வந்து ஊறப் போட்டேனே."

"மூடிப் போடும்மா. தொறந்து தொறந்து பாத்தா எப்படி வேகும்?"

ஜெனி மூடினாள். ஞானஜோதி அடுத்த காயை எடுத்தாள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தச் சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் பிரியாணி வெளியிலிருந்து டெம்போவில் வந்து இறங்கும். தொட்டுக்கொள்ளும் தால்சாவைப் பெண்கள் ஐக்கியம் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் செய்யும். பெண்கள் ஐக்கியம் என்பது பேச்சுக்கு. செய்தது எப்போதும் ஞானஜோதிதான். எலும்பும் பருப்பும் சுரைக்காயும் கத்தரிக்காயும் மாங்காயும் ஒன்றோடொன்று கரைந்து கிடக்கும் அந்தக் குழம்பை வீட்டுக்குக் கொண்டுபோகத் தூக்கு எடுத்துக்கொண்டு ஆராதனைக்கு வருபவர்கள் உண்டு. அவளுக்குப் பாடகர் குழுவில் நிற்கிற குரல் கிடையாது. நாலு பேர் முன்னால் நீட்டி ஜெபிக்கவும் வராது. சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். படித்த பிள்ளைகள் வளர்ந்து தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாமல் போய்விடும். சபையில் அவளுக்கென்று இருந்தது இந்த ஒரு அண்டாதான்.

ஜெனி மேல் வீட்டுக்குக் குடிவந்தவள். கோயம்புத்தூர்ப் பெண். கணவன் மெர்வினுக்கு ஓ.எம்.ஆரில் வேலை. வந்த வாரமே நீல மூடி போட்ட டப்பாவில் அரிசிப்பருப்பு சாதம் கொண்டுவந்து கொடுத்தாள். ஞானஜோதியின் கணவர் வில்பிரட் அதை நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"நெய் வாசனை பாரேன். தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் விட்டிருக்கா போல."

"உக்காந்து சாப்பிடுங்க. விக்கிக்கப் போவுது."

காலி டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்தக் கட்டடத்தில் கிடையாது. ஞானஜோதி அதில் சுறாப்புட்டு வைத்து அனுப்பினாள். இரண்டே நாளில் டப்பா கீழே வந்தது, உள்ளே காளான் வறுவல். அவள் வாழைப்பூ வடை வைத்தாள். மேலிருந்து தேங்காய்ப்பால் கஞ்சி வந்தது. பார்க்கிறவர்களுக்கு இரண்டு வீடும் கொஞ்சிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். மேல்படியில் ஜெனியின் செருப்புச் சத்தம் கேட்டாலே ஞானஜோதி டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பாள்.

பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு உண்டு. முன்பெல்லாம் காலையில் அதைத் திறந்தால் 'ஜோதிக்கா, ரசம் கசக்குது', 'ஜோதிக்கா, இட்லி கல்லாயிடுச்சு' என்றுதான் இருக்கும். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நிதானமாகக் குரல் பதிந்து அனுப்புவாள். ஜெனி வந்த பிறகு அதே கேள்விகள் அவளுக்குப் போயின. ஜெனி வீடியோ போட்டாள். முகம் தெரியாது, வளையல் போட்ட இரண்டு கை மட்டும் தெரியும். ஒருநாள் பெங்களூரிலிருந்து மகன் ஜோஷ்வா கூப்பிட்டான்.

"அம்மா, நீ ஃபார்வர்ட் பண்ண வீடியோ பாத்து மீன் குழம்பு வச்சேம்மா. செம."

"என் மீன் குழம்பு உனக்குத் தெரியாதாடா?"

"நீ எங்கம்மா அளவு சொல்ற? 'கைக்கு வந்தது போடு'ம்பே. இவங்க ஸ்பூன் கணக்கு சொல்றாங்க."

வீடியோவை அனுப்பியது வில்பிரட், அவள் போனிலிருந்து. அன்று ராத்திரி அவருக்குத் தயிர்சாதம்தான்.

பண்டிகைக்கு முந்தின வாரக் கூட்டத்தில் செயலாளர் கிறிஸ்டினா எழுந்தாள். "ஜோதிக்கா, உங்க முட்டி வலி எங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் ராணி மாதிரி உக்காந்துக்கோங்க. ஜெனி செய்யட்டும்." எல்லோரும் கைதட்டினார்கள். ஞானஜோதியும் தட்டினாள். முட்டி வலியைப் பற்றிக் கிறிஸ்டினாவிடம் எந்தப் பாழாய்ப்போன நேரத்தில் வாய்விட்டோம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஜெனி போனை ஒலிப்பதிவில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஞானஜோதி ஒளிக்கவில்லை. கடலைப்பருப்பு எவ்வளவு, துவரம்பருப்பு எவ்வளவு, எலும்பைத் தனியாக வேகவைப்பது, பருப்பு குழைந்த பிறகே புளி விடுவது, மாங்காயைக் கடைசியில் போடுவது, எல்லாம் சொன்னாள். தண்ணீரைப் பற்றி ஜெனி கேட்கவில்லை.

கோயில் போர்வெல்லில் வருவது உப்பும் சுண்ணாம்பும் கலந்த கப்புத் தண்ணீர். அதில் சோறு வெந்துவிடும், பருப்பு வேகாது. ஒவ்வொரு பண்டிகைக்கும் வில்பிரட் ஸ்கூட்டரில் கேன் தண்ணீரை நடைநடையாகக் கொண்டுவந்து இறக்குவார். குடிக்கத்தான் என்று பெண்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெனி வீட்டில் குழாயோடு சேர்த்து சுத்திகரிக்கும் மெஷின் இருக்கிறது. அதற்கு முன்னால் கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர். பருப்பு வேகாமல் போகும் என்பதே அவள் வாழ்க்கையில் நடந்திராத ஒன்று.

"இந்த வருஷம் கேன் வேண்டாமா?" என்று வில்பிரட் கேட்டதற்கு, "நமக்கென்ன, அவங்க பாத்துப்பாங்க" என்று சொல்லியிருந்தாள்.

கொட்டகையின் தகரத்தில் வெயில் ஏறியிருந்தது. ஜெனி மறுபடி மூடியைத் திறந்தாள். நீர் மஞ்சளாகத் தெளிந்து கொதித்தது, அடியில் பருப்பு தனித்தனியாக உருண்டது. அவள் நெற்றியில் பொட்டுப்பொட்டாக வியர்வை. ஞானஜோதி அதை ஆசைதீரப் பார்த்தாள்.

அப்போது ஒலிபெருக்கியில் ஆயரின் குரல் வந்தது. ஆராதனை முடிகிற நேரத்து அறிவிப்புகள். "இன்றைய விருந்தின் தால்சா நமது சகோதரி ஞானஜோதி அவர்களுடைய செய்முறை. 'நான் கையை மட்டும்தான் கொடுத்தேன், பேர் ஆன்ட்டிக்குத்தான் சேர வேண்டும்' என்று தங்கை ஜெனி அன்போடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

உள்ளே கைதட்டல். ஜெனி வெட்கத்தோடு இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

ஞானஜோதி எழுந்த வேகத்தில் கத்தரிக்காய்த் தட்டு கவிழ்ந்தது. முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை. கோயில் பக்கவாசலில் வில்பிரட்டைப் பிடித்தாள். "ஓடிப்போய்க் கேன் தண்ணி கொண்டாங்க. சீக்கிரம். இந்தத் தண்ணிய இறுத்துட்டு மாத்தணும்."

வில்பிரட்டுக்குக் காது மந்தம். அதனால் சத்தமாகத்தான் பேசுவார். "என்னது, கேனா? நீதானே இந்த வருஷம் வேண்டாம்னே? இந்தத் தண்ணியில பருப்பு வேகாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

பின்னாலேயே வந்திருந்த ஜெனி நின்றுவிட்டாள். கையில் கரண்டி இருந்தது. ஞானஜோதியைப் பார்த்தாள், அண்டாவைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி ஞானஜோதியைப் பார்த்தாள்.

"தண்ணியா ஆன்ட்டி?" என்றாள்.

ஞானஜோதி பதில் சொல்வதற்குள் டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. பிரியாணி மாஸ்டர் ரத்தினத்தின் ஆட்கள் தேக்சாக்களை இறக்கினார்கள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். தண்ணீர் மாற்ற நேரமில்லை. இருந்ததில் புளியை விட்டு, மாங்காயைப் போட்டு, வாளிகளில் ஊற்றினார்கள்.

முதலில் வாயில் வைத்தவன் ரத்தினம்தான். "இன்னா ஜோதிக்கா, பருப்பு பல்ல பதம் பாக்குது? சுண்டல் குழம்பா இது?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ தட்டில் பருப்பை ஓரமாக ஒதுக்கினார்கள். ஐக்கியத்து ஜாஸ்மின் மெதுவாக, "ஜோதிக்கா, என்னாச்சு? உங்க கைப்பக்குவம் இது இல்லையே" என்றாள். தூக்கு கொண்டுவந்த ஒருத்தி அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

ஞானஜோதி ஜெனியின் வாயைப் பார்த்தாள். இப்போது சொல்லுவாள். சொல்லட்டும். சொன்னால் இவளும் நாலு வார்த்தை கேட்கலாம். என் இடத்தைப் பிடுங்கினது யாரடி என்று கேட்டுவிடலாம்.

"ஆன்ட்டி மேல தப்பில்ல. அவங்க சொன்னதுல ஒண்ணை நான்தான் விட்டுட்டேன்" என்றாள் ஜெனி. குரல் இயல்பாக இருந்தது. "ஆன்ட்டி எவ்வளவோ சொன்னாங்க. நான்தான் கவனிக்கல."

"பரவால்லம்மா, முதல் தடவைதானே" என்று கிறிஸ்டினா அவள் தோளில் கைபோட்டுக்கொண்டாள். நாலைந்து பேர் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி தன் தட்டில் இருந்ததை வேண்டுமென்றே வழித்துச் சாப்பிட்டுக் காட்டினாள்.

பருப்பு வேகாத பழியும் ஜெனிக்கே போயிற்று, அதைத் தாங்கிக்கொண்ட பெருமையும் ஜெனிக்கே போயிற்று. ஞானஜோதியிடம் மீந்தது வாளி மட்டும். அவள் அதைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிவரை போய்ப் பரிமாறினாள். யாரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் கேன் போடுகிறவன் வந்து காலிக் கேனை எடுத்துக்கொண்டு போனான். வில்பிரட் பிரஷர் மாத்திரை வாங்க ஜங்ஷனுக்குப் போய்வந்தார். வாட்ஸ்ஆப் குழுவில் ஜெனி ஒரு வீடியோ போட்டிருந்தாள். ஒரு பாத்திரத்தில் போர் தண்ணீர், ஒரு பாத்திரத்தில் கேன் தண்ணீர், இரண்டிலும் ஒரே பருப்பு. 'நம்ம ஏரியாவில் பருப்பு வேக இதுதான் வழி. சொல்லிக்கொடுத்தது ஞானஜோதி ஆன்ட்டி' என்று கீழே இருந்தது. மத்தியானத்துக்குள் எல்லோரும் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். ஞானஜோதி முருங்கைக்காய் சாம்பார் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, போன வாரம் வந்த நீல மூடி டப்பாவைத் தேய்த்துத் துடைத்தாள். உள்ளே ஒன்றும் வைக்காமல் மேலே கொண்டுபோய் ஜெனியின் கதவுக் கைப்பிடியில் பையோடு மாட்டிவிட்டு இறங்கி வந்தாள். நாலு மணிக்கு மோட்டார் போட்டார்கள். துணி துவைத்தாள்.