தாதியர் விடுதி இரஞ்சிதம்

குசினி வாசலில் ஒரு பிடி, சாப்பாட்டு மண்டப வாசலில் ஒரு பிடி என்று அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டே போகிறாள் இரஞ்சிதம். விடிந்ததும் குனிந்து பார்ப்பாள். பூனை வந்ததா, பக்கத்துக் கடை மீராசாகிபுவின் கிடாய் வந்ததா, இரண்டு காலில் நடக்கும் எதுவும் வந்ததா என்று சாம்பல் சொல்லிவிடும்.

"கிடாயை நம்பலாம். அது பூட்டை உடைக்காது" என்பாள்.

"மௌத்தே உயிரெடுக்க வந்தாலும் அனுமதித் துண்டு கேட்டுத்தான் உள்ளுக்கு விடுவியள்" என்பார் மீராசாகிபு.

"துண்டு மட்டுமே? ஆர் தந்த துண்டு எண்டும் கேட்பன்."

முல்லைத்தீவுக் கடற்காற்றில் சுண்ணாம்பு உரிந்து நிற்கும் அந்த மாடிக் கட்டடத்தை விட்டு ஆசுபத்திரித் தாதிமார் புதிய விடுதிக்குப் போய் மூன்று வருடமாகிறது. அவர்களுக்கு இருபத்திரண்டு வருடம் தேநீரும் சுடுதண்ணீரும் சுமந்தவள் இரஞ்சிதம். காவலுக்கென்று அவளை அங்கேயே விட்டிருக்கிறார்கள். வேறு வீடு அவளுக்குக் கிடையாது.

வெள்ளைக்காரன் காலத்தில் அதைக் கட்டியவர் பெண்பிள்ளைகளையும் நம்பவில்லை, ஊர் ஆண்களையும் நம்பவில்லை. விறாந்தை மரச் சட்டங்களைச் சரித்து அடித்திருக்கிறார். உள்ளே நிற்பவருக்குத் தெரு தெரியும். தெருவில் போகிறவருக்கு ஒரு சேலைத் தலைப்பும் தெரியாது. அறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. மேலே எட்டு அறைகள். ஏறுவதற்கு ஒரே படிக்கட்டு. அது தொடங்குவதோ தாதிமாருக்குத் தலைவியான மேற்றனின் படுக்கையறைக்குள். களவாக வெளியே போக நினைக்கும் பிள்ளை மேற்றனின் கட்டிலைச் சுற்றித்தான் போகவேண்டும். அந்தக் கட்டிலில் இப்போது இரஞ்சிதம் படுக்கிறாள். கட்டியவரின் மனம் தனக்கு மட்டுமே விளங்கும் என்பது அவள் எண்ணம்.

அரசாங்கக் கட்டடங்களைப் பார்க்கும் ஓவசியர் ஐயாத்துரை மீது அவளுக்குச் சந்தேகம் வந்தது அவருடைய பேச்சு இனித்த அன்றுதான். "முந்தி 'ஏய் மனுசி' எண்டவர். ஒரு மாசமா அக்கா, அக்கா. என்னத்துக்கோ அடிபோடுறார்."

அவருடைய கண் கூரையைத் தாங்கும் விலைகூடிய முதிரைமர வளைகளில் இருந்தது. கூரையைக் கறையான் தின்றுவிட்டது, கட்டடத்தை இடித்து மரங்களை விற்றுவிடலாம் என்று அறிக்கை எழுதிவிட்டார். எஞ்சினியர் ஒப்பமிட்டால் இரஞ்சிதம் தெருவில்.

ஒப்பமிட வவுனியாவிலிருந்து இளம் எஞ்சினியர் ஒருவர் வந்தார். ஐயாத்துரை கடதாசிப் பொட்டலத்தை அவிழ்த்து, அரித்துப்போன மரத்துண்டொன்றை நீட்டினார்.

"கூரை வளையிலை நானே வெட்டி எடுத்தது, சேர்."

"எப்ப மேலை ஏறினனீங்கள்?" என்றாள் இரஞ்சிதம்.

"நீங்கள் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன அண்டைக்கு, அக்கா."

"அண்டைக்குக் கதவு பூட்டின திறப்பு என்ரை மடியிலையெல்லோ இருந்தது. என்ரை கட்டிலைத் தாண்டாமல் பறந்தே போனனீங்கள்?"

"வெளியாலை ஏணி வைச்சு, ஓட்டைக் கழட்டி இறங்கினனான். உமக்குச் சொல்லிப்போட்டே எல்லாம் செய்யிறது?"

அக்கா போய் 'உமக்கு' வந்துவிட்டது. எஞ்சினியர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

இரஞ்சிதம் கொண்டை ஊசியை உருவி, மரத்துண்டின் முறிந்த முனையில் குத்தி இழுத்தாள். நீளமாக ஒரு நார் வந்தது. பிறகு இன்னொன்று.

"இது தென்னை, ஐயா. முதிரையிலை எங்கை நார்? இந்த வீட்டிலை தென்னை எண்டு இருக்கிறது என்ரை விளக்குமாறு ஒண்டுதான். ஆரின்ரை மாட்டுக்கொட்டில் இதை இழந்து நிக்குதோ, அவரைக் கேளுங்கோ."

எஞ்சினியர் கட்டிலைச் சுற்றிப் படியேறினார். சுத்தியல் வளைகளைத் தட்டும் ஓசை கணீரென்று கீழே கேட்டது. ஐயாத்துரை விறாந்தைச் சட்டங்களுக்குள்ளால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கி வந்த எஞ்சினியர் அறிக்கையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். புதிய தாளெடுத்து, கட்டடம் உறுதியானது, காவற்காரி தொடர்ந்து இருக்கலாம் என்று எழுதி, ஒப்பமிட்டு, அவளிடம் நீட்டினார்.

"சாட்சிக்கு நீங்களும் கீழை ஒரு கையெழுத்து வையுங்கோ, அம்மா."

அவள் வரிவரியாக விரல் வைத்து வாசித்தாள். மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கடைசி வரிக்கும் அவருடைய ஒப்பத்துக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு, இன்னும் இரண்டு வரி நுழைக்கலாம் போல, வெறும் தாள் கிடந்தது. அவருடைய பேனாவையே வாங்கி, அந்த இடத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்துவிட்டு, அதன் பிறகுதான் தன் பெயரை எழுதினாள்.